காட்டு மண்ணின் வரத்தும் போக்கும்

நுழையும்முன்

காடு என்றதும் மரங்களே நினைவுக்கு வருகின்றன; அவை வேரூன்றி நிற்கும் மண் நினைவுக்கு வருவதில்லை. இயற்கைக் காட்டை அழித்து அவ்விடத்தில் தேயிலையோ ரப்பரோ தைலமரமோ வளர்க்கும்போது நிலம் பச்சையாகவே காட்சி தருகிறது. ஆயினும் மண்ணுக்கும் வளிமண்டலத்துக்கும் இடையே நடைபெறும் வாயுப் பரிமாற்றம் முற்றிலும் மாறிவிடுகிறது. தாமிரபரணியின் தலைப்பகுதியை முன்வைத்து அம்மாற்றத்தை எண்ணிப் பார்க்கிறது இக்கட்டுரை.

தேரியும் மலையும்

1986இல் தூத்துக்குடி மாவட்டம் உருவாகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது சாத்தான்குளம். அவ்வூரைச் சுற்றிச் செம்மணல் தேரிகள் விரிந்து கிடக்கின்றன. பனையும் உடையும் கொல்லாமரமும் முருங்கையும் அம்மணலுக்கு உகந்தவை. கருமேனியாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். குளங்கள் நிரம்புவது வடகிழக்குப் பருவமழையைப் பொறுத்தது. தாமிரபரணி பெருகும் ஆண்டுகளில் அதன் உபரிநீர் சடையநேரிக் கால்வாய் வழியாக இவ்வட்டாரத்தை எட்டும். 2009இல் பணி தொடங்கிய தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புத் திட்டம், கன்னடியன் கால்வாயிலிருந்து ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவுக்குப் புதிய கால்வாய் வெட்டி, ஆற்றின் வெள்ளநீரைச் சாத்தான்குளம் வட்டத்தின் எம்.எல். தேரி வரை கொண்டுவருகிறது.

எனவே மேற்கே பொதிகை மலைத்தொடரில் நிகழ்வது கிழக்கே தேரிக்காட்டையும் தொடும். மலையில் காடு நின்றால் ஆற்றில் நீர் நிற்கும் என்பது இப்பகுதி உழவர்க்குப் பள்ளியில் கற்பிக்க வேண்டாத உண்மை. ஆனால் மலைக்காட்டின் மண் நீரை மட்டும் காப்பதில்லை. காற்றின் தன்மையையும் காக்கிறது. இந்த இரண்டாவது உண்மை இன்னும் பரவலாக அறியப்படவில்லை. காடுகளைப் பற்றிய பேச்சிலும் திட்டங்களிலும் மரங்களின் எண்ணிக்கை பேசப்படும் அளவுக்கு மண்ணின் நிலை பேசப்படுவதில்லை. இக்குறை சிறியதன்று.

மாஞ்சோலையின் கதை

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மணிமுத்தாற்று மலைச்சாலையில் ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தேயிலைத் தோட்டங்கள் அடுத்தடுத்து வரும். தமிழ்நாட்டிலேயே மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் நாலுமுக்கும் ஊத்தும் அடங்கும். இங்குள்ள இயற்கைக் காடு பசுமைமாறா மழைக்காடு. வெடிப்பலாவும் பாலிமரமும் ஓங்கி நிற்கும் அக்காட்டில், வெடிப்பலாவின் பழத்தை நாடிச் சிங்கவால் குரங்குகள் கிளைக்குக் கிளை தாவும். நிலத்தில் கதிரவனின் ஒளி விழுவதே அரிது. மண்ணைக் கையால் அள்ளினால் சருகு, மட்கு, வேரிழை, பூஞ்சையிழை ஆகியவை பின்னிக்கிடக்கும் ஈரமான கருமண் கையில் வரும்.

இம்மலையின் ஏறத்தாழ 8,374 ஏக்கர் நிலத்தைச் சிங்கம்பட்டி சமீன் 1929ஆம் ஆண்டு 99 ஆண்டுக் குத்தகைக்குப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனத்துக்கு அளித்தது. அந்நிலத்தின் ஒரு பகுதியில் காடு வெட்டப்பட்டுத் தேயிலை பயிராயிற்று. சமீன்தாரி ஒழிப்புக்குப் பின் நிலம் அரசுடைமையானது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. 1988இல் களக்காடு சரணாலயமும் முண்டந்துறை சரணாலயமும் இணைந்து புலிகள் காப்பகமாயின. 2018இல் இந்நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகைக் காலம் 2028இல் முடிவடைய இருக்கும் நிலையில், 2024இல் நிறுவனம் தோட்டப் பணிகளை நிறுத்திக்கொண்டது.

ஏறத்தாழ நூறாண்டுக் காலம் தேயிலை நின்ற மலைச்சரிவு இனி என்னவாக வேண்டும் என்னும் கேள்வி இப்போது எழுந்துள்ளது. அக்கேள்விக்கு விடை கூறுமுன், காடு தோட்டமானபோது மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்தாக வேண்டும்.

மறுகால் பாயும் குளம்

மண் மூச்சுவிடுகிறது. உதிர்ந்த இலையையும் மடிந்த வேரையும் நுண்ணுயிர்கள் உண்டு சிதைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிப்படுகிறது. உயிருள்ள வேர்களும் அதனை வெளியிடுகின்றன. அறிவியலார் இதனை மண்சுவாசம் என்பர். மண்ணின்மீது அடிப்பக்கம் திறந்த சிறு பெட்டியைக் கவிழ்த்து, குறிப்பிட்ட நேர இடைவெளிகளில் உள்ளிருக்கும் காற்றை ஊசிக்குழலால் எடுத்துப் பகுத்தாய்ந்து இதனை அளப்பது வழக்கம். மிக எளிய முறை. ஆயினும் அதனால் பெறும் எண்ணைப் பிழையாகப் புரிந்துகொள்ளும் இடர் உண்டு.

அடர்ந்த மழைக்காட்டு மண்ணில் இப்பெட்டியை வைத்தால் கார்பன் டை ஆக்சைடு மிகுதியாக வெளியேறுவதாகக் காட்டும். சில தோட்டங்களின் மண்ணில் வைத்தால் அதனினும் குறைவாகக் காட்டும். இதனைக் கொண்டு, தோட்டத்து மண்ணே வளிமண்டலத்துக்கு நன்மை செய்கிறது என்று ஒருவர் முடிவு கட்டிவிடக்கூடும். அம்முடிவு தவறு. தென்பாண்டிச் சீமையின் குளம் ஒன்றை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். குளம் நிரம்பினால் மறுகால் பாயும். வரத்துக் கால் நிறைய நீர் வருவதால்தான் மறுகாலிலும் நீர் நிறையப் போகிறது. மறுகால் பாயாத குளம் நீரைச் சேமிக்கிறது என்று எந்த உழவரும் கூறார். அக்குளத்துக்கு வரத்து இல்லை, உள்ளே நீரும் இல்லை என்பதே அவர் அறிந்த செய்தி.

காட்டு மண்ணும் அத்தகையதே. ஆண்டு முழுவதும் சருகும் சிறுகிளையும் பழமும் வேரும் அதனுள் சேர்ந்துகொண்டே இருப்பதால் அதன் மூச்சும் பெரிதாக உள்ளது. வெளியேறும் கரிமத்துக்கு ஈடாகவோ அதனினும் சற்றுக் கூடுதலாகவோ புதுக் கரிமம் உள்ளே வருகிறது. தோட்டத்திலோ கொழுந்து பறிக்கப்படுகிறது, மரம் வெட்டி எடுத்துச் செல்லப்படுகிறது. மண்ணுக்குத் திரும்புவது குறைவு. எனவே போக்கை மட்டும் பார்த்தல் போதாது. வரத்தையும் போக்கையும், குளத்தில் எஞ்சியிருக்கும் இருப்பையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

இருப்பு கரைதல்

அந்த இருப்பின் அளவு வியப்புக்குரியது. உலக நிலப்பரப்பின் மேல் ஒரு மீட்டர் ஆழ மண்ணில் மட்டும் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கரிமம் உயிர்ப்பொருளாகத் தங்கியுள்ளதாகக் கணக்கிடுகின்றனர். வளிமண்டலத்தில் உள்ள கரிமத்தையும் உலகின் செடிகொடி மரங்களில் உள்ள கரிமத்தையும் கூட்டினாலும் இவ்வளவு வராது. ஆகவே மண்ணின் இருப்பில் சிறு விழுக்காடு கரைந்தாலும் காற்றில் அது பெருமாற்றமாகத் தெரியும். மண்ணிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு டன் கரிமமும் ஆக்சிஜனோடு கூடி ஏறத்தாழ 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு ஆகிறது.

காட்டை அழித்துத் தோட்டம் இடும்போது இவ்விருப்பு எவ்வாறு கரைகிறது? மரங்கள் வீழ்ந்ததும் நிழல் போய்விடுகிறது, மண் சூடேறுகிறது, சூடேறிய மண்ணில் சிதைவு விரைவாகிறது. குழி தோண்டுவதாலும் வேர் பிடுங்குவதாலும் மண்கட்டிகள் உடைகின்றன. அக்கட்டிகளுக்குள் நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் நெடுங்காலம் அடைபட்டிருந்த மட்கு வெளிப்பட்டு அவற்றுக்கு இரையாகிறது. சரிவான மலையில் மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்வதும் உண்டு. மட்கு மிகுந்த மண் மேலேதான் இருக்கிறது என்பதால் இவ்வரிப்பின் இழப்பு பெரிது. புதிய செடி வளர்ந்து நிலத்தை மூடும்வரை இவை யாவும் நிகழும்; மூடிய பின்னும் முன்னிருந்த அளவு சருகு விழாததால் இருப்பு எளிதில் மீளாது.

இவ்வகை ஆய்வுகள் பலவற்றைத் திரட்டிக் குவோ, கிஃபோர்ட் என்னும் இரு அறிஞர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு, இயற்கைக் காடு மரத்தோட்டமாக மாறியபோது மண்ணின் கரிமம் சராசரியாக 13 விழுக்காடு குறைந்ததாகவும், பயிர்நிலமாக மாறியபோது 42 விழுக்காடு குறைந்ததாகவும் காட்டியது. வெப்பமண்டலத்தில் நிலைமை இன்னும் கடுமையாக இருக்கக்கூடும். இந்தோனேசியா, காமரூன், பெரு ஆகிய நாடுகளில் காடுகளை அழித்து அமைத்த எண்ணெய்ப்பனை, ரப்பர், கொக்கோ தோட்டங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, சில இடங்களில் மண்ணின் கரிமம் பாதியளவு வரை குறைந்திருந்ததைக் கண்டறிந்தது. முன்பு எவ்வளவு வளமாக இருந்ததோ அவ்வளவு மிகுதியாக மண் இழக்கிறது என்பது அவ்வாய்வின் மற்றொரு முடிவு. கரிமம் நிறைந்த காட்டு மண்ணைத் தேர்ந்து தோட்டம் இடுவது, நிரம்பிய குளத்தின் கரையைத் தேர்ந்து உடைப்பதை ஒக்கும்.

சதுப்புக் காடுகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பல்லாயிரம் ஆண்டுகளாக நீரில் மூழ்கிச் சேர்ந்த முற்றாநிலக்கரி மண்ணை வாய்க்கால் வெட்டி வடித்துத் தோட்டமாக்கியபோது, காற்றுப்பட்ட அம்மண் ஆண்டுதோறும் சிதைந்துகொண்டே உள்ளது. தீப்பற்றினால் மாதக்கணக்கில் புகைகிறது. பொதிகைமலையில் அத்தகைய மண் இல்லை. ஆயினும் காடு தோட்டமாவதன் கொடிய எல்லை எது என்பதை அது காட்டுகிறது.

கண்ணுக்குத் தெரியாத இரு வாயுக்கள்

கார்பன் டை ஆக்சைடோடு கணக்கு முடிவதில்லை. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் அளவில் சிறியவை, ஆற்றலில் பெரியவை.

தெரிந்து தெளிவோம்
100 ஆண்டுக் காலத்தில் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு புவியைச் சூடாக்கும் திறனை 1 எனக் கொண்டால், அதே எடையுள்ள மீத்தேனின் திறன் ஏறத்தாழ 27. நைட்ரஸ் ஆக்சைடின் திறன் 273. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் ஆறாம் மதிப்பீட்டு அறிக்கை தரும் அளவுகள் இவை. மீத்தேன் வளிமண்டலத்தில் ஏறத்தாழ 12 ஆண்டுகள் தங்கும். நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக்கும் மேலாகத் தங்கும்.

மீத்தேன் என்றதும் நெல்வயலும் மாட்டுத்தொழுவமும் குப்பைமேடும் நினைவுக்கு வரும். அவை மீத்தேனை வெளியிடுவன. நீர் தேங்காத காட்டு மண்ணோ மீத்தேனை உண்பது. அம்மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியங்கள் காற்றிலுள்ள மீத்தேனையே உணவாகக் கொண்டு அதனைச் சிதைக்கின்றன. வளிமண்டலத்திலிருந்து ஆண்டுதோறும் நீங்கும் மீத்தேனில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்கு இவ்வாறு மண்ணால் நீங்குகிறது. கூலியும் விளம்பரமும் இல்லாத இவ்வேலை நடைபெற, மண் பொலபொலவென்று இருத்தல் வேண்டும். காற்று உள்ளே புகுந்து அப்பாக்டீரியங்களை அடைய வேண்டும். தோட்டத்தில் நாள்தோறும் ஆட்கள் நடப்பதாலும் வண்டிகள் ஓடுவதாலும் மண் இறுகுகிறது. அம்மோனிய உரம் அப்பாக்டீரியங்களின் செயலைத் தடுக்கிறது. இந்தோனேசியாவின் சுமத்ராவில் காட்டு மண்ணைவிட ரப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களின் மண் மீத்தேனைக் குறைவாகவே உட்கொள்வதாக ஆய்வாளர் கண்டுள்ளனர். புகைபோக்கி எதுவும் எழவில்லை, புதிதாக எதுவும் எரியவில்லை. ஆனாலும் காற்றில் மீத்தேன் கூடுதலாக எஞ்சுகிறது. இழப்பு என்பது இவ்வாறும் நேரும்.

நைட்ரஸ் ஆக்சைடின் கதை உர மூட்டையில் தொடங்குகிறது. கொழுந்து என்பது இலை. இலைக்கு நைட்ரஜன் வேண்டும். ஆகவே தேயிலைக்கு நைட்ரஜன் உரம் மிகுதியாக இடப்படுகிறது. செடி எடுத்துக்கொண்டது போக எஞ்சியதை மண்ணின் நுண்ணுயிர்கள் மாற்றும் வழியில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுகிறது. நுண்ணுயிர்கள் இவ்வாயுவை மேலும் மாற்றித் தீங்கற்ற நைட்ரஜனாக்க வல்லவை. ஆனால் மண் அமிலத்தன்மை கொண்டதாயின் அக்கடைசிப் படி தடைப்படும். தேயிலை அமில மண்ணில் வளர்வது. இடும் உரம் அம்மண்ணின் அமிலத்தன்மையை மேலும் கூட்டுவது. மழையும் மிகுதி. நைட்ரஸ் ஆக்சைடு உருவாவதற்கு இதனினும் ஏற்ற இடம் கிடைப்பது அரிது.

பன்னாட்டுக் குழுவின் வழிகாட்டு நெறிப்படி, மண்ணிலிடும் நைட்ரஜனில் பொதுவாக 1 விழுக்காடு நேரடியாக இவ்வாயுவாக வெளியேறுவதாகக் கணக்கிடுவர். 100 கிலோ நைட்ரஜன் என்பது ஏறத்தாழ ஐந்து மூட்டை யூரியாவில் உள்ள அளவு. அதிலிருந்து 1 கிலோ நைட்ரஜன் வாயுவாகப் பிரிந்தால் அது 1.57 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. 273ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு அது நிகர். யூரியாவை உருவாக்கும் ஆலையின் புகை இக்கணக்கில் சேரவில்லை.

உரமிடாத மரத்தோட்டங்களும் முழுதும் தப்பிவிடுவதில்லை. வேர்முடிச்சுகளில் நைட்ரஜனை நிலைப்படுத்தும் அக்கேசியா மரங்களைக் காட்டின் இடத்தில் ஓரினமாக வளர்த்தபோது, சுமத்ராவில் மண்ணின் நைட்ரஸ் ஆக்சைடு வெளியீடு உயர்ந்தது கண்டறியப்பட்டது. இயற்கைக் காட்டு மண்ணும் இவ்வாயுவை ஓரளவு வெளியிடவே செய்கிறது. பல இன மரங்களும் நுண்ணுயிர்களும் நைட்ரஜனுக்குப் போட்டியிடும் இடத்தில் மிகுந்து வீணாவது குறைவு. ஒரே இனம் நிற்கும் இடத்தில் அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது.

சாத்தான்குளத்துக்கு இதில் என்ன உண்டு? 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. குளங்கள் உடைந்தன; தேரியை அடுத்த ஊர்களும் நீரில் தத்தளித்தன. ஒரு மழையை ஒரு காரணத்தோடு முடிச்சுப் போடுதல் அறிவியலாகாது. ஆயினும் காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். மலை மண்ணிலிருந்து ஏறும் வாயு கீழ்நிலத்தாருக்கு அயலானதன்று.

காடும் தோப்பும்

தமிழ்மொழி இவ்வேறுபாட்டை நெடுங்காலமாக அறிந்துள்ளது. தானே எழுந்தது காடு. மக்கள் வைத்து வளர்த்தது தோப்பு, தோட்டம். மலை மடிப்பில் நீரோடு சேர்ந்து நிற்பது சோலை. இச்சொல்லையே உலகத் தாவரவியலாரும் நீலகிரிச் சோலைக்காட்டைக் குறிக்க எடுத்தாள்கின்றனர். (கரிசல் வட்டாரத்தார் புன்செய் நிலத்தையும் காடு என்பர், அது வேறு வழக்கு.) மாந்தோப்பைக் காடு என்று எவரும் அழைப்பதில்லை.

ஆனால் அரசுக் கணக்கில் இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. இந்திய வன அளவை நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மர விதானம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது வனப்போர்வை. எந்த மரம், எவருடைய நிலம் என்பவை அதில் பார்க்கப்படுவதில்லை. செயற்கைக்கோளின் கண்ணுக்குத் தைலமரத் தோட்டமும் வெடிப்பலாக் காடும் பச்சையே. ஓரிடத்தில் இயற்கைக் காடு அழிந்து மற்றோரிடத்தில் தோட்டம் எழுந்தால் மொத்தப் பரப்பு குறையாமல் காட்டும் கணக்கு இது. அளப்பதற்கு எளிது என்பதே இவ்வரையறைக்குள்ள சிறப்பு. காட்டுநிலத்தை வேறு பணிக்கு எடுத்துக்கொண்டு ஈடாக மரம் நடும் திட்டங்களிலும் இதே குறை உண்டு: ஈடு என்பது மரத்துக்கு மரம் என்று எண்ணப்படுகிறது, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மண்ணுக்கு ஈடு எதுவும் வைக்கப்படுவதில்லை. வனப்போர்வைக் கணக்கில் இயற்கைக் காட்டையும் நட்ட தோட்டத்தையும் தனித்தனியே காட்டுதல் வேண்டும். அது செய்ய இயலாத செயலன்று.

இதனால் மரம் நடுதலே தீது என்று கொள்ளலாகாது. தேரியின் மணலில் கரிமம் மிகக் குறைவு. அங்கே பனையும் உடையும் கொல்லாவும் வளர்ந்தால் மணல் நகர்வது நிற்கும், சருகு விழும், இல்லாத இருப்பு சிறிது சிறிதாகச் சேரும். உழவு கைவிடப்பட்ட நிலத்தில் நடும் மரத்துக்கும் இது பொருந்தும். நீலகிரியின் மலைப்புல்வெளியிலோ நிலைமை வேறு. அங்குப் புல்லின் வேரடி மண்ணே கரிமம் நிறைந்தது. 19ஆம் நூற்றாண்டு முதல் அதன்மேல் தைலமரமும் சீகைமரமும் நட்டது நிலத்தை வளப்படுத்துவதாக எண்ணிச் செய்த பெரும்பிழை. எனவே, எத்தனை மரம் என்று கேட்குமுன் எந்த மண் என்று கேட்க வேண்டும். தேரிக்கு நன்மையாவது மழைக்காட்டுக்கு அழிவாகலாம்.

உழைத்தவர் பங்கு

தோட்டங்களை ஆதரிப்போர் கூறும் காரணங்களுள் வலுவானது வாழ்வாதாரம். அதனைப் புறந்தள்ளுதல் நேர்மையன்று. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றிக் காப்பி அழிந்து தேயிலை பரவியது. அம்மலைகளில் காட்டை வெட்டியதும் செடி நட்டதும் தமிழகத்திலிருந்து சென்ற கூலிகளின் கைகளே. திருநெல்வேலிச் சிற்றூரிலிருந்து அங்குச் சென்றோரின் துயரைப் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ பதிவு செய்துள்ளது. மாஞ்சோலைத் தொழிலாளர் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக அட்டைக்கடியிலும் விடாமழையிலும் அம்மலையில் உழைத்தவை. காட்டை அழிக்கும் முடிவு அவர்களுடையதன்று. அழித்ததன் வருவாயும் அவர்களுக்குச் சேரவில்லை. குத்தகை முடிவதை முன்னிட்டு அவர்கள் மலையிலிருந்து இறங்க நேர்ந்தது. அரசே தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்னும் கோரிக்கையை 2024 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுவாழ்வுத் திட்டங்களைச் செயற்படுத்தப் பணித்தது.

மண்ணின் கணக்கைப் பார்க்கையில் காடு திரும்புவதே சரி. ஆனால் காட்டைத் திருப்பும் செலவு, இருந்த வேலையையும் வீட்டையும் இழந்தவரின் தலைமேல் விழுதல் சரியன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று காட்டுவது, தீர்வு காண விரும்பாதார் கூற்று. காட்டை மீட்பதற்கும் ஆள் வேண்டும். விதை பொறுக்கவும் நாற்றங்கால் அமைக்கவும் களை எடுக்கவும் அம்மலையின் ஒவ்வொரு மடிப்பையும் ஓடையையும் அறிந்தோர் வேண்டும். அவ்வறிவு அத்தொழிலாளரிடம் உள்ளது. விரும்பி வருவோர்க்கு அப்பணியில் முதலிடம் அளித்தல் சலுகையாகாது. அவர்களது அறிவுக்குரிய மதிப்பு அது.

காடு தானே திரும்பிவிடாதா என்று கேட்கலாம். தேயிலை இயல்பில் மரம். கவாத்து நின்றால் அது உயர்ந்து வளர்ந்து நெருங்கி நிற்கும். இடைவெளியில் உண்ணிச்செடி புகும். கீழே நாட்டு மரக்கன்று எளிதில் எழாது. மாறாகத் தேயிலையை ஒரே மூச்சில் வேரோடு பிடுங்கினால், முன்பு காட்டை வெட்டியபோது நேர்ந்த அதே இழப்பு மண்ணுக்கு மீண்டும் நேரும். ஆனைமலையின் வால்பாறையில், தேயிலைக்கும் காப்பிக்கும் இடையே துண்டுபட்டுக் கிடந்த மழைக்காடுகளில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய மீட்புப் பணி ஒரு வழியைக் காட்டுகிறது. அங்குக் களைகளை அகற்றிப் பல்வேறு நாட்டு மரங்களின் கன்றுகளை நட்டனர். தானே வளர விட்ட இடங்களைவிட இவ்வாறு மீட்ட இடங்களின் மரங்களில் கரிமம் மிகுதியாகச் சேர்ந்திருந்ததாக 2019இல் ஆய்வு வெளியாயிற்று. ஓரினத் தோட்டங்களைவிடப் பல்லின இயற்கைக் காடுகள் வறட்சி ஆண்டுகளிலும் கரிமத்தை நிலையாக ஈர்ப்பதை அதே மலைத்தொடரில் செய்த மற்றோர் ஆய்வு காட்டியது. மண்ணின் மீட்சி மரத்தின் மீட்சியினும் மெதுவானது. அதற்குப் பல பதிற்றாண்டுகள் ஆகும்.

ஆகவே மாஞ்சோலையில் உரம் நின்றதே முதல் நன்மை. நைட்ரஸ் ஆக்சைடின் ஊற்றுக்கண் அதனோடு அடைபடத் தொடங்கும். தேயிலை நிழலிலேயே வெடிப்பலா முதலிய நாட்டுக் கன்றுகளை ஊன்றி, அவை தலையெடுக்கத் தலையெடுக்கத் தேயிலையைப் பகுதி பகுதியாக நீக்குதல் மண்ணைக் குலைக்காத முறை. விரைவில் பச்சை தெரிய வேண்டும் என்று வேகமாக வளரும் ஓரினத்தை அங்கே நடுதல், ஒரு தோட்டத்தை எடுத்து மற்றொரு தோட்டத்தை வைப்பதாகும். அதனைக் காடு மீட்பு என்று அழைத்தல் தகாது.

இவற்றுக்கு முன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. தேயிலை நிற்கும் சரிவிலும், அதனை ஒட்டி இன்னும் அழியாமல் நிற்கும் மழைக்காட்டிலும் ஒரே ஆழத்தில் மண்ணெடுத்துக் கரிமத்தை அளக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் பெட்டியைக் கவிழ்த்து மூன்று வாயுக்களையும் இரு பருவமழைக் காலத்திலும் கோடையிலும் அளக்க வேண்டும். ஒரே மலை, ஒரே மழை. ஓரிடம் காடு, அடுத்த இடம் நூறாண்டுத் தோட்டம். இத்தகைய ஒப்பீடு எளிதில் வாய்ப்பதன்று. நெல்லையின் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் வனத்துறையோடு சேர்ந்தால் இது இயலும். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் மாணவர்கள் நாளை ஆய்வாளராகி அதே இடங்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை சென்று அளக்கலாம். ஆனால் முதல் அளவீடு, ஒரு தேயிலைச் செடியும் பிடுங்கப்படுமுன் எடுக்கப்பட வேண்டும். மண்ணைக் கிளறிய பின் எடுக்கும் எண்ணை எதனோடும் ஒப்பிட இயலாது.